கழுத்தில் தழைத்த மாலை

கரட்டுப்பட்டியில் மாவு மில் வைத்திருந்த தவசி வருசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் சாமியாக இருந்தான், மீதி நாளெல்லாம் அவன் என்னவாக இருந்தான் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு சொல் இருந்தது, அதில் பாதியைப் பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியாது. கார்த்திகை ஒன்றாம் தேதி விடியக்காலையில் பிள்ளையார் கோவில் வாசலில் ராமையா குருசாமியின் கையால் நூற்றியெட்டு மணித் துளசிமாலையைக் கழுத்தில் வாங்கினான் என்றால், அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு வேளை குளியல், கருப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறையத் திருநீறு, சொட்டுக் குடி கிடையாது, மில் காலை ஏழு மணிக்கு டாண் என்று திறந்துவிடும். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய அன்றைக்கே, கழற்றிய இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற இருநூறு அடி தூரத்துக்குள்ளேயே, அவன் பழைய தவசியாகி வேட்டி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக வந்து சேருவான். பதினேழு வருசமாக இதுதான் நடந்தது, ஊரும் அதற்கேற்றாற்போல மிளகாய், மல்லி, சத்துமாவு எல்லாவற்றையும் கார்த்திகை மார்கழியிலேயே ஒரு வருசத்துக்கு அரைத்து வைத்துக்கொள்ளப் பழகியிருந்தது.

மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அது கட்டிய பெண்டாட்டிக்கும் பெற்ற பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அதனால் அவன் மனைவி ஒச்சம்மாள் அந்த நாற்பத்தெட்டு நாளும் "சாமி, தண்ணி சூடா இருக்கு", "சாமி, சாப்பாடு எடுத்து வச்சாச்சு" என்று பேசுவாள், மாலை கழன்ற மறுநாளிலிருந்து அவனிடம் பேச வேண்டியதை மிக்ஸியிடமோ சுவரிடமோ பேசுவாள். எட்டாவது படிக்கிற மகள் அபிநயா அந்த நாற்பத்தெட்டு நாள் "சாமி" என்பாள், மற்ற நாளில் அவன் வாசலுக்கு வரும்போதே மூக்கை லேசாகத் தூக்கி ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தோடு உள்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்பா என்ற சொல் அந்த வீட்டுக்குள் பள்ளிக்கூடத்து ஃபாரங்களில் மட்டும்தான் இருந்தது.

அந்த வருசம் மாலை போட்ட முப்பத்தொன்பதாம் நாள் காலையில் தவசி குழாயடியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, ஒச்சம்மாள் அவன் நெஞ்சைப் பார்த்து, "சாமி, மாலையில என்னமோ ஒட்டியிருக்கு" என்றாள். குனிந்து பார்த்தான். முடிச்சுக்குப் பக்கத்து மணி ஒன்று நடுவில் பிளந்து அதிலிருந்து இரண்டு இலை விட்டிருந்தது. கிள்ளிப் போடலாம் என்று நகத்தை வைத்தான், நெஞ்சுக்குள் சுருக்கென்று வலித்தது, விட்டுவிட்டு மில்லைத் திறக்கப் போய்விட்டான்.

மில்லில் அன்றைக்கு முதல் ஆளாகத் தூக்குவாளியோடு நின்றது இட்லிக்கடை மாயக்கா. ஊரில் யார் வீட்டுச் சங்கதியும் அவள் வாய் வழியாக இல்லாமல் வெளியே போகாது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்து பார்த்துவிட்டு, "நாட்டுத் துளசி. கருந்துளசியா இருந்தா இருமலுக்கு இன்னும் நல்லாக் கேக்கும்" என்றாள். பின்னால் நின்ற முனீஸ்வரி, "செத்த கட்டை எப்பிடிக்கா முளைக்கும்" என்று கேட்டதற்கு, "தெனம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துனா முளைக்காம என்ன செய்யும்" என்றாள் மாயக்கா. அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்க ஊரில் யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த ஒன்பது நாளில் பதினொரு மணிகள் தளிர்த்தன, மலைக்குப் போகிற வேனில் தவசி உட்கார்ந்த சீட்டுக்கு முன்னும் பின்னும் மணம் நின்றது, வேன் டிரைவர் ஊதுபத்தியை மிச்சம் பிடித்தார்.

தவசியின் மனசெல்லாம் அப்போது துளசியில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருசா வருசம் அவன் மில் சுவரில் சாக்பீஸால் நாளைக்கு ஒரு கோடு போட்டு வந்தான், பார்க்கிறவர்கள் விரதக் கணக்கு என்று கும்பிட்டார்கள், அவனுக்கு மட்டும் தெரியும் அது பாட்டிலுக்கு இன்னும் எத்தனை நாள் என்கிற கணக்கு. அந்தப் பாட்டிலை அவனுடைய சேக்காளி காட்டுராசா கார்த்திகை பிறந்ததுமே வாங்கித் தன் பஞ்சர் கடையில் பழைய டியூப்களுக்கு அடியில் படுக்க வைத்துவிடுவான், மாலை கழற்றுகிற அன்றைக்கு வயர்க்கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு கோவிலுக்கு வெளியே வந்து நிற்பான். காட்டுராசா கெட்டவன் இல்லை, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்கிற ஆள் அந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

அந்த வருசமும் நின்றான். வேன் வந்து சேர்ந்தபோது செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்திருந்தது. ராமையா குருசாமி ஒவ்வொருவர் மாலையாகச் சரணம் சொல்லிக் கழற்றிக்கொண்டே வந்து தவசியிடம் நின்றார், இரண்டு கையாலும் மாலையைத் தூக்கினார், அது தூக்குக்கு வரவில்லை. மயிரிழை மாதிரி வெள்ளை வேர்கள் அவன் நெஞ்சு முடியோடு முடியாகப் பின்னிக்கிடந்தன. இன்னொரு தடவை தூக்கினார், இலை ஒன்று கசங்கி வாசம் கோவில் முழுக்கப் பரவியது. குருசாமி கையை எடுத்துவிட்டு மேற்கே பார்த்தார்.

"பொழுது விழுந்துருச்சு. பொழுது விழுந்த பெறகு துளசியில கை வைக்கக் கூடாது. காலையில வாங்க சாமி, பாப்போம்."

வெளியே காட்டுராசா வயர்க்கூடையோடு நின்றான். மாலை கழுத்தில் கிடக்கையில் எப்படிக் குடிப்பது. தவசி அவனைப் பார்த்தான், அவன் தவசியின் கழுத்தைப் பார்த்தான். "ஒரு ராத்திரிதான, நாளைக்கு வச்சுக்கிருவோம்" என்று காட்டுராசா கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் ஏகாதசி, அன்றைக்கு யாராவது துளசிமாலையைக் கழற்றுவார்களா. அதற்கு மறுநாள் துவாதசி, அன்றைக்குத் துளசியைப் பறித்தால் குடும்பத்துக்கு ஆகாது. அடுத்து வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஒரு தடையும் இல்லை என்று குருசாமி சாங்கியம் பண்ணக் கிளம்பி வருகிறபோது, முனீஸ்வரி இடுப்பில் பிள்ளையோடு ஓடி வந்து, "பிள்ளைக்கு நெஞ்செல்லாம் சளி, பத்து இலை வேணும், இன்னைக்குப் பத்து நாளைக்குப் பத்து, மாலைய அவுத்துட்டா நான் எங்கிட்டுப் போவேன்" என்று நின்றாள், குருசாமி சரி என்று திரும்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமியும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை குருசாமியின் பங்காளி ஒருவர் காலமாகி, குருசாமிக்குப் பதினாறு நாள் தீட்டு. தீட்டுக் கழிந்தபோது தை பிறந்து, பொங்கல் முடிந்து, முருங்கைமரமெல்லாம் பூத்துவிட்டது.

இப்படியாக, எந்த நாளிலும் முடியாது என்று யாரும் சொல்லவில்லை, இன்றைக்கு மட்டும் முடியாது என்றுதான் சொன்னார்கள். உரக்கடையில் கொடுத்த தினக் காலண்டர் ஒச்சம்மாள் வீட்டுச் சுவரில் வருசா வருசம் தொங்கும், தேதி கிழிக்கக்கூட அதை யாரும் தொட்டதில்லை. இப்போது அவள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்து, அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தாள். "இன்னைக்கு அமாவாசை. ஆகாது." "இன்னைக்குச் செவ்வாய். ஆகாது." "இன்னைக்குப் புதன், ஒண்ணும் போடல, ஆனா மேலத்தெருவுல ரெண்டு பிள்ளைக்கு இருமலாம்." முதலில் சுவரைப் பார்த்துத்தான் படித்தாள். தையில் ஒருநாள் அவளை அறியாமல் அவன் பக்கம் திரும்பிப் படித்தாள், படித்துவிட்டு அவசரமாக மிக்ஸியைப் போட்டாள்.

ஊருக்கு இப்போது ஒரு சட்டச்சிக்கல் வந்தது. மலைக்குப் போய் வந்தாயிற்று, மாலை கழலவில்லை, இப்படிப்பட்டவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது. மில் வரிசையில் இதை மூன்று நாள் பேசித் தீர்மானித்தார்கள். முடி வெட்டலாம். செருப்புப் போடலாம், சித்திரை வெயில் வருகிறது. கருப்பு வேட்டி வேண்டாம், மாவு பட்டால் பார்க்கச் சகிக்கவில்லை. கறி கூடாது. குடி கூடவே கூடாது. புருசன் பெண்டாட்டி பாயைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, மாயக்கா மட்டும் ஒச்சம்மாளைப் பார்த்துச் சிரித்தாள், ஒச்சம்மாள் தன் மாவுச் சம்படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மிளகாய் அரைக்கிறபோது நெடி தாங்காமல் இலை சுருங்குகிறது என்று கண்டு, மிளகாய் கொண்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு ஈரத்துண்டும் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. அவர்கள் அதை அவன் கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டுத்தான் வற்றலைக் கொட்டினார்கள். காலை பத்து மணிக்கு எங்கிருந்தோ கொசுத்தேனீக்கள் வரும், அவன் தலையைச் சுற்றி வட்டமடிக்கும், அரிசி கொண்டு வந்தவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டே வந்து அதை வழியில் கொட்டிவிடுவார்கள்.

தவசிக்கு முதல் பத்து நாள் பெரும்பாடாக இருந்தது. நாற்பத்தெட்டு தாண்டியதும், சாயங்காலம் நான்கு மணியானால் நாக்கு தடித்து வாயெல்லாம் காய்ந்தது, மில் பெல்ட்டின் சத்தம் மண்டைக்குள்ளே ஓடியது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் நிற்பான், எதற்கு இன்னும் எத்தனை என்று போடுவது, முடிகிற நாள் தெரிந்தால்தானே கோடு போட முடியும். பதினேழு வருசமும் அந்த நாற்பத்தெட்டு நாளில் ஒருநாள்கூடத் தான் குடிக்காமல் இருந்ததில்லை, வாயால் குடிக்கவில்லை, கோடு கோடாக மனசால் குடித்திருக்கிறோம் என்று அவனுக்கு அப்போது விளங்கியது. விளங்கிய அன்றைக்கு ஈரத்துணி எடுத்துச் சுவரைத் துடைத்தான். எண்ண ஒன்றும் இல்லாமல் போன பிறகு மனசில் நிறைய இடம் காலியாகக் கிடந்தது, அங்கே பழசெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது.

அப்படி வந்ததில் ஒன்று, நான்கு வருசத்துக்கு முந்தைய பிள்ளையார் சதுர்த்தி. போதையில் மிளகாய் அரைத்த கல்லைத் துடைக்காமல் எட்டு வீட்டுப் பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொடுத்துவிட்டான், எட்டு வீட்டிலும் பிள்ளையாருக்குக் காரக் கொழுக்கட்டை. அந்த எட்டுப் பேரையும் தேடிப்போய், தப்பாப்போச்சு, மனசுல வச்சுக்கிராதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டான். கழுத்தில் துளசியோடு ஒருவன் கும்பிட்டால் எதிரே நிற்பவருக்குத் திட்ட வருமா. ஏழு பேர் பதிலுக்குக் கும்பிட்டார்கள். எட்டாவது ஆளான மாயக்கா, "எம் மாமியா வாயத் தொறக்காம ஒரு நாள் முழுக்க இருந்தது அன்னைக்குத்தான் சாமி. நாந்தான் ஒங்களத் தேடி வந்து கும்பிட்டிருக்கணும்" என்றாள். தவசி சிரித்தான். சிரித்ததில் துளசி குலுங்கியது, தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதுசாக இருந்ததால் கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தான்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் மில் வாசலில் ஒருவர் மகளைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்து வந்து நின்றார். அவர் கோதுமையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அந்தச் சின்னக் குட்டி, "ப்பா, ஹாரன் அடிக்கட்டா, ப்பா, ஒரே ஒருக்கா, ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தவசி சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றான். தன்னை அப்படி யாராவது கூப்பிட்டுத் தெளிந்த காதால் கேட்டிருக்கிறோமா என்று எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அபிநயா வாசலில் வழக்கம்போல மூக்கைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தாள், துளசி வாசம்தான் வந்தது, முகம் இளகிக் கிட்டே வந்தாள்.

"சாமி, ஒரு இலை எடுத்துக்கிரவா. ரெக்கார்டு நோட்டுல ஒட்டணும். ஆளுக்குப் பத்துச் செடி, எனக்கு ஒம்பதுதான் கிடைச்சுச்சு."

அவன் குனிந்தான். அவள் நகம் படாமல், காம்போடு, மெல்ல ஓர் இலையை எடுத்தாள். அவ்வளவு கிட்டத்தில் மகள் முகத்தை அவன் பார்த்து எத்தனையோ வருசம். அவளுக்கு இருப்பது அவனைப் பெற்ற அம்மாவின் புருவம் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "தேங்க்ஸ் சாமி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடினாள். சாமி என்று அவள் சொன்னது அவன் நெஞ்சில் தைத்தது.

ஒச்சம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரே போய் உட்கார்ந்து கேட்டான்.

"அபி என்னைய அப்பானு கூப்பிட்டு எத்தன வருசம் இருக்கும்?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மாலை கிடந்தா நீங்க சாமி. மாலை இல்லாட்டி, அப்பான்னு கூப்பிடுற மாதிரியா இருந்தீக?"

"மாலை கழண்டா நான் குடிச்சிருவேன் ஒச்சு. எனக்குத் தெரியும். இது இருக்கங்காட்டித்தான் இருக்கேன்."

"அப்ப இருக்கட்டும்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, ஒச்சு என்று அவன் தன்னைக் கூப்பிட்டது அவளுக்கு உறைத்தது, கீரையோடு தண்டையும் சேர்த்துச் சட்டியில் போட்டாள். தவசி அன்றைக்கு ரொம்ப நேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். மாலை இருக்கிறவரை மகளுக்கு அவன் சாமி, மாலை போய்விட்டால் அவன் என்னவாவான் என்று அவனுக்கே தெரியாது. அப்பா ஆவதற்கு எந்த வழியும் அவனுக்குத் தெரியவில்லை.

பங்குனி பிறந்ததும் துளசி பூத்தது. கதிர் கதிராக ஊதா நிறத்தில் நெஞ்சு முழுக்க நின்றது, தேனீக்கள் ஷிப்டு போட்டு வந்தன, பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் மாவு அரைக்க ஆட்கள் வந்தார்கள். அப்புறம் கதிர் முற்றி விதை உதிர ஆரம்பித்தது, மாவு வாளிகளிலும், கூடைகளிலும், சைக்கிள் கேரியரிலும், காட்டுராசா கடையின் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் கடுகைவிடச் சின்ன விதைகள் விழுந்தன. அதோடு இலை பழுத்தது. ஒரு வாரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது.

ஊர் பதறிப்போனது. தவசி தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு செம்போடு வந்து அவன் கழுத்தில் தண்ணீர் ஊற்றினார்கள், மில்லுக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை நனைந்தான், ஒருவர் மோர் ஊற்றினார், இன்னொருவர் கொஞ்சம் சாணிக் கரைசல் கொண்டுவந்து மாயக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் ராமையா குருசாமி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கதிர் விட்டவொடன கிள்ளியிருக்கணும். கிள்ளியிருந்தா இன்னும் தழைச்சிருக்கும். விதையடிச்சிருச்சுன்னா துளசி நிக்காது."

"கிள்ளக் கூடாதுன்னு தெனம் சொன்னது யாரு?" என்று மாயக்கா கேட்டாள். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும், அமாவாசைக்கும் துவாதசிக்கும் பயந்து, பூத்ததிலிருந்து ஒரு கதிரைக்கூட யாரும் தொடவில்லை. குருசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

ஒரு காலையில் தவசி குழாயடியில் இரண்டாவது வாளியைத் தலையில் ஊற்றும்போது இற்றுப்போன நூல் தானாக அறுந்தது. மணிகள் சிமெண்டுத் தரையில் சிதறி ஓடின. ஈரத்தோடு குத்தவைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டான், நூற்றியேழு கிடைத்தது, ஒன்று சாக்கடைப் பக்கம் எங்கோ போய்விட்டது. வீட்டுக்குள் வந்தான். ஒச்சம்மாள் அவன் கழுத்தைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், போய்க் காலண்டர் தாளைக் கிழித்தாள். மேலிருந்து கீழே வரைக்கும் படித்தாள், தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

"புதன்கிழமை" என்றாள். "ஒண்ணும் போடல."

தவசி சட்டையைப் போட்டுக்கொண்டான், நான்கரை மாதத்துக்குப் பிறகு சட்டை நெஞ்சில் பட்டது. ஏழு மணிக்கு மில்லைத் திறந்தான்.

வரிசை நின்றது, சத்தம் இல்லை. சாமி என்று கூப்பிட மாலை இல்லை, பழைய பெயர்களில் எதைச் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆளுக்கு ஆள் இருமினார்கள். வாளியை மட்டும் முன்னால் தள்ளினார்கள், அவனும் வாங்கி வாங்கிக் கொட்டினான். எட்டரை மணிக்கு மாயக்கா வந்தாள். வரிசையைப் பார்த்தாள், அவன் வெறும் கழுத்தைப் பார்த்தாள், தூக்குவாளியை நங்கென்று வைத்தாள்.

"தவசி, ரேசன் அரிசி. நைசா வேணும்."

"சரிக்கா" என்றான். வரிசையில் நின்ற எல்லோரும் அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தார்கள், தவசி என் மல்லி எங்க, தவசி எனக்குக் குருணை, தவசி தவசி என்று மத்தியானம் வரைக்கும் மில் இரைந்தது.

நான்கு மணிக்கு நாக்கு தடித்தது. கழுத்தில் கை வைத்துப் பார்த்தான், வேர் இருந்த இடத்தில் லேசாகத் தழும்பு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. அந்த நேரத்துக்குத்தான் காட்டுராசா வயர்க்கூடையோடு வந்தான். செய்தி அவன் காதுக்கு எப்போதோ போயிருந்தது, ஆனால் மில் ஓய்கிற நேரம் பார்த்து வரலாம் என்று இருந்திருக்கிறான். பாட்டிலை எடுத்து எடைமேசை மேல் வைத்தான். டியூப் பவுடர் அதன்மேல் அப்பியிருந்தது, கையால் துடைத்துவிட்டான்.

"கார்த்திகையில சொன்னது. எனக்கு எத்தனையோ ஒடைச்சேன், இத மட்டும் தொடல. ஒனக்கு வச்சது."

தவசி பாட்டிலைப் பார்த்தான். மூடியைத் திருகினால் வருகிற அந்தச் சின்னச் சத்தம் காதில் கேட்டது. கையை நீட்டி அதை எடுத்தான், கனம் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தான், திரும்பவும் கூடைக்குள் வைத்தான்.

"இன்னைக்கு வேணாம்யா. நாளைக்குப் பாப்போம்."

காட்டுராசா அவன் கழுத்தைக் கூர்ந்து பார்த்தான், ஒன்றும் இல்லை. "ஏன், இன்னைக்கு என்ன?"

"இன்னைக்குப் புதன்கிழமை."

"புதன்கிழமைக்கு என்ன?"

தவசி யோசித்தான். ஏகாதசி இல்லை, அமாவாசை இல்லை, தீட்டு இல்லை, ஒரு பிள்ளைக்கும் இருமல் இல்லை.

"ஒண்ணுமில்ல" என்றான். "புதன்கிழமை."

சொல்லிவிட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. காட்டுராசாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தவசி சிரிக்கிறான் என்று அவனும் சிரித்தான், இரண்டு பேரும் எடைமேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "அப்ப நாளைக்கு வரவா?" என்றான் காட்டுராசா. "வா. காலையில காலண்டரக் கிழிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான் தவசி. காட்டுராசா கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, தன் கடைத் தொட்டி ஓரத்தில் என்னமோ முளைத்திருக்கிறது, லாரிக்காரன் மிதித்துவிடாமல் பழைய டயர் ஒன்றைச் சுற்றிப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பள்ளிக்கூடம் விட்டு அபிநயா வந்தபோது மணி ஐந்தாகவில்லை. வழக்கமாக வீட்டுக்குத்தான் போவாள், அன்றைக்கு மில் வாசலில் வந்து நின்றாள், தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். "சா" என்று ஆரம்பித்தவள் அவன் கழுத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். தவசி எழுந்து நின்றான். அவள் மூக்கை லேசாகத் தூக்கினாள், அவன் அசையாமல் இருந்தான், அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் அவன் பதினேழு வருசமும் வந்து போனது. துளசி வாசம் வரவில்லை. வேறு எந்த வாசமும் வரவில்லை, அரைத்த அரிசி மாவு வாசம் மட்டும் இருந்தது.

அவள் உள்ளே வந்தாள். பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்து எடைமேசை மேல் விரித்து, பேனாவை நீட்டினாள். "கையெழுத்து வேணும். நாளைக்குக் கடைசி நாள்."

அவன் கையிலிருந்த மாவை வேட்டியில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினான். விரித்திருந்தது பத்தாவது பக்கம். நடுவில் செல்லோடேப் போட்டு அந்த இலை ஒட்டியிருந்தது, இன்னும் பச்சையாகவே இருந்தது. கீழே அவளுடைய குண்டு எழுத்தில் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். செடியின் பெயர்: துளசி. சேகரித்த நாள்: மாசி பதினொன்று. சேகரித்த இடம் என்று போட்டு, அதற்கு நேரே, அப்பா என்று எழுதியிருந்தாள்.

அவனுக்குக் கண் மறைத்தது. எங்கே போடுகிறோம் என்று தெரியாமல் பேனாவை இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"அங்கிட்டு இல்லப்பா" என்று அவள் அவன் கையைப் பிடித்து நகர்த்தினாள். "கீழ போடு."